க்ரீமரி ரோடு மேப்பில் இல்லை

ஹோமியோவில் பனி கொட்டும்போது இங்கே யாங்கோனில், பசுந்தாங்கில் வெயில் அடிக்கும். புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் நீங்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இதுதான். அவர்கள் விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில் நாம் காலைக்கு மொஹிங்கா சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டு ஐந்து மாடி ஏறுகிறோம். அங்கே ஒரு வீட்டில் ஹீட்டர் நின்றுபோகிறது. ஒருவருடைய கார் பள்ளத்தில் இறங்குகிறது. ஒருத்தி சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் நடுங்குகிறாள். பழுது பார்க்கிறவர்கள் கடை மூடிய பிறகு அவர்கள் அடிக்கும் போன், ஓடைக்கரையில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்கு மேலே இருக்கும் நம் அறையில் வந்து விழுகிறது.

காது டாக்டர் இனி ஹெட்செட் கூடாது என்று சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று ஓய்வு பெறும் வயதில்லைதான். ஆனால் என் இடது காதில் இப்போது ஒரு வண்டு குடியேறிவிட்டது, அது வாடகையும் தராது, காலியும் பண்ணாது. போகிற போக்கில் சிலவற்றைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் கேட்டால் புரியும், எழுத்து ஓடாது. ஓடுகிறவர்கள் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பர்மா பாஷையில் மாற்றிச் சொன்னாலும் சரிதான்.

எந்தப் பட்டனை அழுத்த வேண்டும், ஒவ்வொரு அழைப்பையும் பதியும் டிக்கெட்டை எப்படித் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்தது அந்த ஊரைப் பற்றி.

அதன் உண்மையான பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதனால்தான் அறையில் எல்லோரும் ‘ஹோ மியோ’ என்றார்கள். பர்மா பாஷையில் ‘அந்த ஊர்’ என்று பொருள். நாளடைவில் இரண்டும் ஒட்டி ஹோமியோ ஆகிவிட்டது. நான் குடியிருக்கும் பபேடான் வட்டாரத்தில் எங்கள் கீழ்வீட்டு மாமி இதைக் காதில் வாங்கிக்கொண்டு ஒருநாள் படிக்கட்டிலேயே என்னை நிறுத்தினார். “நீ ஹோமியோவுலதான் வேலை பாக்குறியாம், சொல்லவே இல்லையே புள்ள. எனக்கு முட்டி வலிக்கு நாலு உருண்டை கொண்டாந்து குடேன்.” அப்படி இல்லை மாமி, அது ஒரு ஊர் என்றேன். ஊருக்கு எதற்கு மருந்துப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டுவிட்டு, நான் உருண்டை தர மனமில்லாமல் கதை விடுவதாக முடிவு கட்டினார்.

ஹோமியோ பெரிய ஊருமல்ல, சின்ன ஊருமல்ல. அமெரிக்காவின் நடுவயிற்றில், ஒரு மாநகரத்துக்கு மேற்கே, ரயில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. மலை கிடையாது. கடல் கிடையாது. சப்பாத்தி மாவைத் தேய்த்துவிட்ட மாதிரித் தட்டையான நிலம். அதன்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் சாலைகள். நம் டவுன்டவுன் தெருக்களும் வெள்ளைக்காரன் ஸ்கேல் வைத்துப் போட்டவைதானே, அதனால் எனக்கு முதல் நாளே அது அந்நியமாகத் தெரியவில்லை. ஒரே ஒரு சாலை மட்டும் அந்தக் கட்டங்களை மதிக்காமல் ஆற்றோடு சாய்ந்து சாய்ந்து போகும். ஸ்கேல் வருவதற்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் நடந்த பாதை அது. அவர்களைக் கிளப்பிவிட்டார்கள், கால்தடம் மட்டும் கிளம்பவில்லை.

போன் வராத நேரங்களில் நான் அந்த ஊர் நூலகத்தின் தளத்தில் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா இருக்க எனக்கு வராது. முதலில் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள், மாடு வளர்த்தார்கள். ரயில் வந்தது. ரயிலடியில் பாலை வாங்கி வெண்ணெய் எடுக்கும் கூடம், அவர்கள் வாயில் க்ரீமரி, வந்தது, செங்கல் சூளை வந்தது, அடுப்பு செய்யும் தொழிற்சாலை வந்தது. போர் முடிந்து திரும்பியவர்களுக்கு வீடுகள் வேண்டியிருந்தன. சோளக்காட்டை உழுகிற மாதிரியே வீடுகளை வரிசையாக நட்டார்கள். நெடுஞ்சாலை வந்து ஊரை இரண்டாக வெட்டியது. பால் பண்ணைமேல் ஒரு பெரிய மால் எழும்பியது, கார்கள் நிரம்பின, பிறகு கார்கள் குறைந்தன, பிறகு மாலும் மூடியது. இப்போது அதன் வாகன நிறுத்தத்தில் புல் முளைக்கிறது. இவ்வளவையும் நான் பார்த்தேன். மழைக்காலத்து ஈரம் ஜன்னல் சட்டத்தில் ஊறிக்கொண்டிருக்க, பட்டறையிலிருந்து வார்னிஷ் வாசனை மேலே ஏறிவர, ஒருநாளும் போகாத ஒரு ஊரின் சூளைப் புகைக்காக ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் வரும் அது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் என்னைவிடப் பதினாறு வயது இளையவள். பெயரைச் சொல்ல மாட்டேன், இப்போது வேறு நாட்டில் இருக்கிறாள். மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பத்துப் பெண். இங்கிலீஷ் அவளுக்கு மழை மாதிரி விழும். தமிழ் மட்டும் படியில்லாத மாடியில் ஏறுவதுபோலத் தடுமாறும். அக்கா என்பதைக்கூடப் பர்மா பாஷையில் ‘அமா’ என்றுதான் சொல்வாள். நான் சேர்ந்த வாரம் அவள் சொன்ன முதல் பாடம் சாலைப் பெயரின் கடைசிச் சொல்லைப் பற்றியது. ஹோமியோவில் வில்லோ லேன் உண்டு, வில்லோ கோர்ட் உண்டு, வில்லோ டிரைவ் உண்டு, மூன்றும் ஊரின் மூன்று மூலையில். இங்கே இருபத்தொன்பதாம் தெரு என்று மட்டும் சொன்னால் மேல் பிளாக்கா, நடு பிளாக்கா, கீழ் பிளாக்கா என்று தெரியாமல் சைக்கா ஓட்டுகிறவர் வண்டியை மிதிப்பாரா? அதேதான்.

அந்தப் பாடம் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் அவளே சொன்னாள். அறையில் இருந்த கோ மின் ஒருமுறை ஹீட்டர் பழுது பார்ப்பவரை வில்லோ கோர்ட்டுக்குப் பதிலாக வில்லோ லேனுக்கு அனுப்பிவிட்டாராம். தூக்கத்திலிருந்து எழுந்து கதவைத் திறந்த குடும்பம் ஒன்றும் சொல்லவில்லையாம். எங்கள் ஹீட்டரும் ஒரு மாதமாக முனகுகிறது, வந்தது வந்தீர்கள், பார்த்துவிட்டுப் போங்கள் என்று உட்காரவைத்து விட்டார்களாம். உண்மையில் கூப்பிட்ட வீட்டுக்காரர் கோட்டைப் போட்டுக்கொண்டு விடியும்வரை திட்டிக்கொண்டிருந்தாராம். கோ மின் இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். “நான் பிசினஸ் கொண்டாந்து குடுத்தேன், அத யாரும் சொல்ல மாட்டாங்க” என்றார்.

ஆக, மேப்பில் உள்ளபடி போ, கடைசிச் சொல் வரைக்கும் சரிபார்த்துப் போ. இது அவளுடைய சட்டம். நல்ல சட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை உங்களைக் காப்பாற்றும். அந்த மிச்சம் ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நமக்கு ஒரு ஜனவரிக் காலை. குளிர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அந்த லேசான காற்று ஜன்னலில் இருந்தது. அவர்களுக்கோ பனிப்புயல். இழுவை வண்டிக்காரரின் எண்ணுக்கு ஒரு அழைப்பு வந்தது. நான் எடுத்தேன். அந்த எண்ணில் என் பெயர் ஜூடி.

வயதானவர். குரல் உலர்ந்திருந்தது, ஆனால் மரியாதை குறையவில்லை. அவர் பேசியது அந்த ஊர் இங்கிலீஷ். என் காதுக்குள் அது எப்படி விழுந்ததோ அப்படித்தான் இங்கே எழுத முடியும்.

“தொந்தரவுக்கு மன்னிச்சுக்கம்மா. காரு பள்ளத்துல இறங்கிடுச்சு. க்ரீமரி ரோட்ல இருக்கேன். கெஸ்லர் வீடு தாண்டினதும்.”

நான் தட்டினேன். க்ரீமரி ரோடு என்று ஒன்று மேப்பில் இல்லை. க்ரீமரி கோர்ட் இருந்தது. ஊரின் வடமேற்கு மூலையில், புது வீடுகளுக்கு நடுவில். கோர்ட்டா என்று கேட்டேன். ரோடு என்றார். அவசர எண்ணைக் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன், அது நம் முதல் கேள்வி, நீங்களும் அதை விடக்கூடாது. கூப்பிடவில்லை என்றார். போலீஸ் வந்தால் மகளுக்குச் செய்தி போகும், மகள் வந்து கார் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள், அதற்குப் பிறகு தான் நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்றார். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் உடைந்தது.

கை கால் அடிபட்டதா என்றேன். இல்லை. என்ஜின் ஓடுகிறதா? ஓடுகிறது, சூடு வேண்டுமே. போன் பழைய மடக்கும் போன், சார்ஜ் ஒரு கோடுதான் காட்டுகிறது.

பனியை நான் தொட்டதில்லை. ஆனால் கார் பின்பக்கமாகப் பள்ளத்தில் இறங்கியிருந்தால் புகைக்குழாயைப் பனி அடைக்கும், புகை உள்ளே திரும்பும், தூக்கம் வரும், பிறகு எழுந்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். என்ஜினை அணைக்கச் சொன்னேன். குளிருமே என்றார். குளிரட்டும் ஐயா, கோட்டு இருக்கிறதல்லவா, பின்சீட்டில் கம்பளி ஏதாவது இருந்தால் போர்த்திக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அணைத்தார். அந்த நிசப்தம் எனக்கும் கேட்டது. அதற்குப் பின்னால் காற்று.

இனி அவருக்கு இருக்கும் சூடு, காரில் மிச்சமிருப்பதுதான். அதைக் குறைத்தது நான்.

இன்னொரு லைனில் இழுவை வண்டி ஓட்டும் டேல். ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர், வேறு மாநிலத்திலிருந்து பிழைக்க வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நான் முழுவதையும் சொன்னேன். இங்கிருந்து அடித்தால் அந்த ஊர் அவசர எண் கிடைக்காது, அதனால் பெரியவருக்குப் பிடிக்காவிட்டாலும் அவசர எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டேலிடம் கேட்டேன். சொன்னார். அவர்களும் மேப்பில் தட்டினார்கள், அவர்களுக்கும் வந்தது க்ரீமரி கோர்ட்தான். வண்டிகள் எல்லாம் நெடுஞ்சாலை விபத்தில் இருக்கின்றன, முடிந்தவுடன் ஒன்றை அங்கே திருப்புகிறோம் என்றார்களாம். டேல் ஏற்கெனவே வடமேற்கு நோக்கிக் கிளம்பிவிட்டிருந்தார்.

எனக்கு உட்கார முடியவில்லை. ஹெட்செட் வயர் விடும் தூரம்வரை எழுந்து நின்றேன். கற்றுக்கொடுத்தவள் பக்கத்தில் வந்து, என்ன என்று புருவத்தால் கேட்டாள். மைக்கை அமுக்கிவிட்டு, அவர் கோர்ட்டில் இல்லை, அது தப்பு என்றேன்.

“அமா, மேப்ல ஒண்ணுதான் க்ரீமரி இருக்கு” என்றாள் அவள். “இல்லாத ரோட்டுக்கு வண்டி அனுப்ப முடியாது. அவருக்கு வயசாச்சு, குழம்பியிருப்பாரு.”

அவள் சொன்னதில் தப்பில்லை. வயதானவர்கள் குழம்புவார்கள். ஆனால் எப்படிக் குழம்புவார்கள் என்பது பபேடானில் வளர்ந்தவளுக்குத் தெரியும். எங்கள் வாப்பா கடைசிவரை மொகல் தெரு என்றுதான் சொன்னார். அது ஷ்வே பொன்தா தெரு ஆகி அவருடைய ஆயுளே முடிந்தது. பிரேசர் ரோடு என்பார், டல்ஹௌசி என்பார். டாக்ஸிக்காரர் அப்படி ஒரு தெருவே இல்லை என்றால் வாப்பாவுக்குக் கோபம் வரும். நீ ஊருக்குப் புதுசு என்பார், பர்மாக்காரரைப் பார்த்து. ஆனால் ஒருநாளும் வாப்பா தவறான இடத்தில் இறங்கியதில்லை. செத்துப்போனது பெயர்தான், இடம் சாகவில்லை. புதுப் பெயர் என்ன என்று அவரிடம் கேட்டால் பதில் வராது. அங்கே யார் கடை இருந்தது, எதற்காகப் போவீர்கள் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்.

அவளுக்கு இதை இரண்டே வரியில் சொன்னேன். அவள் என் திரைப் பக்கம் குனிந்தாள். அவள் வீட்டிலும் யாராவது டல்ஹௌசி என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மைக்கைத் திறந்தேன். “ஐயா, க்ரீமரிக்கு எதுக்குப் போவீங்க?”

“எதுக்கா? பால் கொண்டுபோக” என்றார். குரலில் திடீரென்று ஒரு தெம்பு. “எங்கப்பாவோட, வண்டில. கேன் எல்லாம் குலுங்கும்.”

எங்கிருந்து எங்கே என்று கேட்டேன். பண்ணையிலிருந்து ரயிலடிக்கு என்றார். வழியில் எதையாவது தாண்டுவீர்களா? ஒரு ஓடை, அதன்மேல் கல் பாலம். கெஸ்லர் வீடு ரோட்டுக்கு எந்தப் பக்கம்? வடக்கே, மேட்டில். பெரிய கொட்டகை, கூரையில் பெயர் எழுதியிருக்கும்.

கூரையில் பெயர் எழுதிய கொட்டகை. அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். நூலகத் தளத்தில், மாடுகள் வரிசையாக நிற்க, பின்னால் பெரிய எழுத்தில் கெஸ்லர். அதன் கீழே ஒரு வரி இருந்தது: இந்தப் பண்ணை இருந்த இடத்தில்தான் பின்னாளில் மால் கட்டப்பட்டது.

மேப்பைத் தென்கிழக்குக்கு இழுத்தேன். மூடிக்கிடக்கும் மால். அதன் முதுகுப் பக்கம், சரக்கு லாரிகள் இறக்கிவிட்டுப் போக ஒரு பாதை. மேப்பில் அது பெயரில்லாத ஒரு சாம்பல் கோடு. ஓடையைத் தாண்டி, நெடுஞ்சாலைச் சுவரில் முட்டி நின்றுவிடும். அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து நேராக நீட்டிப் பார்த்தேன். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் விரல் போய் நின்ற இடம் பழைய ரயிலடி.

க்ரீமரி கோர்ட் என்ற பெயர் வீடு கட்டி விற்றவர்கள் வைத்தது. சைலோ லேன், ஆர்ச்சர்ட் டிரைவ் என்று, தானியக் களஞ்சியமோ பழத்தோட்டமோ எதையெல்லாம் ஊரிலிருந்து எடுத்தார்களோ அதன் பெயரையெல்லாம் ஊரின் இன்னொரு மூலையில் எழுதி வைப்பார்கள். அங்கே ஒரு சொட்டுப் பால் சிந்தியதில்லை.

எப்படி இங்கே வந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். சர்ச்சில் சாப்பாடு, முடித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். பனி வெள்ளையாக இறங்கி வழிகாட்டிப் பலகைகளை மூடிவிட்டது. கடைகளின் விளக்கு தெரியவில்லை. ஒன்றுமே தெரியாதபோது கை தானாகத் திரும்பியது என்றார். புதிதாக வந்த அத்தனையையும் பனி துடைத்துவிட்டிருக்கிறது. மிச்சமிருந்தது அடியில் இருந்த நிலம் மட்டும். அந்த நிலத்தில் அவருக்கு வழி தெரியும். அவர் தொலையவில்லை. நாம்தான் தொலைந்திருந்தோம்.

ஆனால் இது என் யூகம். கையில் ஒரு வண்டி. அது ஏற்கெனவே எதிர்மூலைக்குப் பாதி வழி போய்விட்டது. திருப்பினால் ஊரைக் குறுக்காகக் கடந்து வர வேண்டும், அந்தப் பனியில். என் யூகம் தப்பென்றால், கோர்ட்டில் உண்மையாகவே அவர் காருக்குள் விறைத்துக்கொண்டிருப்பார். மேப்பை மதித்துத் தப்பு நடந்தால் மேப்பின் தப்பு. மேப்பை மீறித் தப்பு நடந்தால் என் தப்பு. இந்த இடம் உங்களுக்கும் வரும். அப்போது யாரும் உதவிக்கு வர மாட்டார்கள், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். சட்டத்தை எழுதியவள் அவள்தான். இரண்டு கையையும் மேசையில் ஊன்றி அந்தச் சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திருப்புங்க அமா” என்றாள். “டிக்கெட்ல என் பேரைப் போடறேன்.”

அவள் பெயரைப் போட்டாள். நான் டேலைத் திருப்பச் சொன்னேன். மாலுக்குப் பின்னாலா, அங்கே ரோடே கிடையாதே என்றார். கிடையாதுதான், ஆனால் இருந்தது, ஓடைப் பாலம் தாண்டிப் பாருங்கள் என்றேன். அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். பிறகு இண்டிகேட்டர் டிக் டிக்கென்று கேட்டது. அவசர எண்ணுக்கும் இடத்தை மாற்றிச் சொல்லச் சொன்னேன்.

இனிக் காத்திருப்பதுதான். போனை வைத்துவிட்டால் சார்ஜ் மிஞ்சும். வைக்காவிட்டால் அவர் தூங்காமல் பார்த்துக்கொள்ளலாம். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. நான் வைக்கவில்லை. கார் விளக்கை மட்டும் மினுக்கவிடச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். அடுப்புத் தொழிற்சாலையின் சங்கு எப்படி ஊதும் என்று கேட்டேன். செங்கல் சூளைக் குழியில் தண்ணீர் நின்று குளமானதே, அதில் நீந்தியிருக்கிறீர்களா என்று கேட்டேன். நீந்தியதற்கு அடி வாங்கியிருக்கிறேன் என்றார், மெதுவாகச் சிரித்தார். ஒரு பல் மருத்துவரின் ஆடு அந்தக் குளத்தில் விழுந்த கதையைச் சொன்னார், பாதியில் விட்டார், நான் ஆடு என்ன ஆச்சு என்று விடாமல் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து மீ போனது. கரண்டைத்தான் சொல்கிறேன், அதற்கு வேறு வார்த்தை என் வாயில் வராது. மின்விசிறி நின்றது, பேட்டரி பீப் அடித்தது, கீழே பட்டறைக்காரர்கள் ஜெனரேட்டரைக் கயிறு இழுத்துக் கிளப்பினார்கள். அந்தச் சத்தம் ஐந்து மாடி ஏறி என் மைக்குக்குள் புகுந்துவிட்டது.

“அது என்ன சத்தம்? டிராக்டரா?”

ஜெனரேட்டர் என்றேன்.

“உங்க பக்கமும் கரண்ட் போச்சா? சரியான புயல்தான்” என்று அனுதாபப்பட்டார். தன் நிலைமையை மறந்து என்னைப் பத்திரமாக இருக்கச் சொன்னார். பிறகு, “ஜூடி, நீ யாரு வீட்டுப் பொண்ணு?” என்றார். “சூளைக் குழியெல்லாம் தெரியுதே உனக்கு. இதெல்லாம் இப்ப யாருக்கும் தெரியாது. எந்த ஊர்ல இருக்கே?”

இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடாது. அதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அலுவலகத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், அதுதான் எழுதிக்கொடுத்த பதில். ஆனால் விறைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் யாரு வீட்டுப் பெண் என்று கேட்கிறார். அப்படி என்னை ஒருவர் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வாய் தானாகத் திறந்துவிட்டது.

“ரங்கூன்” என்றேன்.

யாங்கோன் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர், பஸ் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர் எதுவும் வரவில்லை. வாப்பாவின் பெயர்தான் வந்தது.

“ரான்டூலா?” என்றார் அவர். அது அவர்கள் மாநிலத்திலேயே தெற்கே உள்ள ஒரு சின்ன ஊர், பிறகு தேடிப் பார்த்தேன். “அட, பக்கத்துலதான். அங்க இன்னும் தட்டையா இருக்குமே. ரெண்டு மணி நேரம்தான் ஆகும். ரோடு சரியானதும் ஒரு தடவை வா. கெஸ்லர் வீட்டைக் காட்டறேன்.”

வருகிறேன் என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், மஞ்சளா ஒரு என்று கேட்டது, லைன் அறுந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். மஞ்சள் என்றால் வண்டியின் சுழல் விளக்காக இருக்கலாம். கண் இருட்டிக்கொண்டு வரும்போது தெரியும் மஞ்சளாகவும் இருக்கலாம். டேலும் எடுக்கவில்லை. கோ மின் தன் லைனில் இருந்த ஆளிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி என் தோள்வரை தெரிந்தது.

டேல் கூப்பிட்டபோது முதலில் கேட்டது அவருடைய மூச்சுதான். பெரியவர் பாலம் தாண்டி இருபதடியில் இருந்தார் என்றார். உடம்பு நடுங்குகிறது, பேசுகிறார், என் வண்டியில் ஏற்றி ஹீட்டரைப் போட்டிருக்கிறேன், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. மகளைக் கூப்பிட வேண்டாம் என்று சண்டை போடுகிறார்.

நாற்காலியின் முதுகு விடுபட்டது. அவள் கழிப்பறைப் பக்கம் போனாள், போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. நான் டிக்கெட்டை மூட விரலைக் கொண்டுபோனேன். டேல் போனை வைக்கவில்லை.

“ஜூடி, இவர் ஒண்ணு கேக்கச் சொல்றார்” என்றார். “அந்த ரான்டூல் பொண்ணு வீட்ல கரண்ட் வந்துடுச்சான்னு.”

கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பசுந்தாங் ஓடையில் வெயில் வெள்ளையாக விழுந்து, பார்க்க முடியாமல் கண் கூசியது.

“வந்துடுச்சுன்னு சொல்லுங்க, டேல்” என்றேன்.